இருபது வளைவு வால்ட்ஸ்

ஊரறியக் கைப்பிடித்துக் கல்யாணம் செய்துகொண்ட ரெண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்து, "வெட்கப்படாமல் கையைப் பிடியுங்கள்" என்று கெஞ்சுவதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது.

ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ஜோடி நடனம் சொல்லித் தருகிறேன். சேலத்துக்காரி. ரிசப்ஷனில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவளை, "நீதாம்மா சுறுசுறுப்பா இருக்கே" என்று ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி மேனேஜர் பெங்களூருக்கு மூணு மாசப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்தால் என் நாற்காலியில் வேறொரு பெண். எனக்கு ஒரு ஹால், ஒரு ஸ்பீக்கர், சுவரில் ஒரு பலகை. பலகையில் நாலு பெயர். வால்ட்ஸ் என்றால் ஒருத்தரை ஒருத்தர் பிடித்தபடி மெதுவாக வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பித் திரும்பிப் போவது. சல்ஸா வேகம், கூட ஆடுகிறவரைப் பம்பரமாகச் சுற்றிவிடுவார்கள். பச்சாட்டா பக்கவாட்டில் நாலு அடி, திரும்ப நாலு அடி. சா-சா, குட்டிக் குட்டியாக அடிவைத்துத் துள்ளுவது. புதுசாக வருகிறவர்களுக்கு இதில் எது சரிப்படும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. அதைக் கேட்காமல் அவர்கள் வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும்போது சிரித்த முகமாக நிற்பது மீதிப் பாதி. விருந்தாளி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தே பழகிய என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும், கேளுங்கள்.

சுற்றாதது எது?

அடிவாரத்தில் ஆரம்பித்து ஏற்காடு வந்து சேர்வதற்குள் கொண்டை ஊசி வளைவு மொத்தம் இருபது. கீழேயிருந்து மேலே ஒண்ணு, ரெண்டு என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுக்கிறவர்கள் எண்ணிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று வைத்தார்களோ என்னவோ. எங்கள் ஓட்டல் வாசலில் இறங்குகிற பத்துப் பேரில் நாலு பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும்.

ஆகவே, "உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும்? வேகமா, மெதுவா?" என்று பெங்களூரில் சொல்லிக்கொடுத்த கேள்விகளை முதல் வாரத்திலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டேன். "எப்படிங்க மேல வந்தீங்க?" இதுதான் என் முதல் கேள்வி. காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவருக்குச் சல்ஸா தாங்கும். பின் சீட்டில் வந்தவருக்குப் பச்சாட்டா. பஸ்ஸில் கடைசி சீட்டில் வந்தவருக்கு அன்றைக்கு எந்த ஆட்டமும் வேண்டாம், இஞ்சி டீ போதும். சென்னையிலிருந்து வேனில் வந்த ஒரு தம்பதி. அந்த அம்மா சல்ஸாதான் வேண்டும் என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகை முன்னால் பத்து நிமிஷம் நின்றார். மேலேயிருந்து கீழே படித்தார், கீழேயிருந்து மேலே படித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "மேடம், இதுல உக்காந்துக்கிட்டே ஆடுறது எதுவும் இல்லையா?"

மாவு ஊறுகிற நேரம்

ஜோடி நடனத்தை ஒற்றை ஆளாக ஆடிக்காட்ட முடியுமா? எனக்கு ஒரு ஜோடி வேண்டும். சர்வர் பையன்களைக் கேட்டேன். ஊருக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று ஒருத்தன் விடாமல் எல்லோரும் ஓடிவிட்டார்கள். கடைசியில் கை தூக்கியவர் எங்கள் பரோட்டா மாஸ்டர் செல்வராஜ் அண்ணன். "எனக்குப் பேரனே பொறந்தாச்சுங்க. இனிமே எவன் பொண்ணு குடுக்காட்டி எனக்கென்னங்க?" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மத்தியானம் பிசைந்த மாவு ஊறுகிற நேரத்தில்தான் அவரால் வர முடியும். அதனால்தான் எங்கள் வகுப்பு நாலு மணிக்கு ஆரம்பித்து அஞ்சு மணிக்கு டாண் என்று முடியும். ஊறின மாவு யாருக்காகவும் காத்திருக்காது.

ஆனால் அந்த மணிக்கட்டு இருக்கிறதே! அவர் சுற்றிவிட்டால் நம் கால் தானாகவே தரையில் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நிற்கும். இழுக்க மாட்டார், தள்ள மாட்டார். பெங்களூரில் எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்குக்கூட அப்படி ஒரு கை கிடையாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு நாள் கண்ணாடி போட்ட ஒரு அம்மா அசந்துபோய், "மாஸ்டர், நீங்க எத்தனை வருஷமா ஆடுறீங்க?" என்று கேட்டார். அண்ணன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆட வந்து ஆறு மாசந்தானுங்க ஆச்சு. சுத்த வந்து இருபத்திரண்டு வருசம்ங்க."

பைக்கில் வந்தவர்கள்

ஜோடி நடனத்தில் ஒருத்தர் நடத்துவார், இன்னொருத்தர் கூடப் போவார். பாடத்தில் ஆண் நடத்துவதாகத்தான் போட்டிருக்கும். ஈரோட்டிலிருந்து ஒரு சின்ன ஜோடி பைக்கில் வந்தது. வழக்கம்போல அவனை நடத்தச் சொன்னேன். அரை மணி நேரம் ஒரே கூத்து. அவன் வலது பக்கம் கூப்பிட்டால் அந்தப் பெண் அதற்குள் இடது பக்கம் போய்த் திரும்பி நிற்கிறாள். அவன் காலை அவள் மிதிக்க, அவள் காலை அவன் மிதிக்க, எனக்கு வந்த கோபத்தில் ஸ்பீக்கரையே நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் என் முதல் கேள்வியை அவர்களிடம் கேட்க மறந்துவிட்டேன் என்று உறைத்தது. "எப்படி மேல வந்தீங்க?" பைக்கில்தான், ஆனால் ஓட்டியது அவள். இருபது வளைவுக்கும் அவன் பின்னால் உட்கார்ந்து, அவள் சாய்கிற பக்கம் தானும் சாய்ந்து, சமர்த்தாக வந்திருக்கிறான். அட கெரகமே, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? ஆளை மாற்றிவிட்டேன். அவள் நடத்தினாள், அவன் கூடப் போனான். அஞ்சே நிமிஷத்தில் சா-சா வந்துவிட்டது. கிளம்பும்போது அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சொன்னான்: "மேடம், வீட்டுலயும் எங்களுக்கு இப்படித்தான். இதுக்குன்னு ஒரு ஆட்டமே இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கீரைக் கூடையும் ஒரு கேள்வியும்

எங்கள் சமையலறைக்குக் கீரையும் பீன்ஸும் கொண்டுவருவது கிளியூர் ஈஸ்வரி அக்கா. சொந்தக் காட்டில் விளைந்தது. கூடையை இறக்கிவிட்டு ஹால் ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போவார். சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். சிரிக்கவே மாட்டார், கணக்கு வாத்தியார் மாதிரி உற்றுப் பார்ப்பார். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார். "ஏனுங்க மிஸ், இந்தப் புள்ளைங்க இத்தன சுத்து சுத்தியும் ஒண்ணுகூட வாந்தி எடுக்கலீங்களே, அதெப்படிங்க?"

பழகினால் வராது என்றேன். ஆட்களே இல்லாத ஹாலில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு மலைப்பாதை ஆகாது. மூணாவது வளைவில் தலை சுற்ற ஆரம்பித்தால் கீழே போய் ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாது. மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், கூடவே நினைப்பும் நின்றுவிடும், அப்படி ஒரு தூக்கம். போன வருஷம் ஒரே மகள் கல்யாணம் சேலத்தில். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கியவர் மண்டபத்து ரூமில் படுத்துவிட்டார். கெட்டிமேளம் காதில் விழுகிறது, எழுந்தால் சுவர் சுற்றுகிறது. தாலி கட்டும்போது பெண்ணைப் பெற்றவள் மணவறையில் இல்லை. இப்போது அந்த மகளுக்கு எட்டாவது மாசம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் ரத்த அழுத்தம் இருப்பதால் மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காதான் இறங்கியாக வேண்டும். "முன்னாடியே போயி இருந்துக்கலாமே அக்கா" என்றேன். "இப்பவே போனா நாம் படுத்துக்குவனுங்க, அவ வயித்தத் தூக்கிக்கிட்டு எனக்குக் கஞ்சி காய்ச்சுவா. அதுக்கா போறதுங்க?" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது, அவருக்கும் எனக்கும். "முகூர்த்தத்த உட்டுட்டனுங்க மிஸ். பொறக்கப் போற கொழந்தையையும் உட்டுரக் கூடாதுங்க. எனக்குச் சுத்தப் பழக்கி உடுங்க."

எது அதிகம் சுற்றும்?

நான் என்ன டாக்டரா? முதலில் இங்கேயே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். "திரும்பித் திரும்பிப் பழகிப் பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது" என்று அவர் சொல்லியனுப்பினார். வெளியாளுக்கெல்லாம் ஹாலா என்று எங்கள் மேனேஜர் மூக்கைச் சுளித்தார். "சரிங்க சார், நாளையிலேர்ந்து கீரைக்கு வேற ஆள் பாத்துக்குவோம்" என்றேன். மூக்கு நேராகிவிட்டது.

மலை ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றாத ஆட்டமாகத்தான் கேட்பார்கள். முதல் தடவையாக ஒருத்தர் பலகை முன்னால் நின்று, "இதுல நொம்ப சுத்துறது எதுங்க?" என்று கேட்டார். சல்ஸா என்றேன், அதுவே இருக்கட்டும் என்றார். செல்வராஜ் அண்ணன் கையைப் பிடிக்க அக்கா ஒப்பவில்லை. நான்தான் சுற்றிவிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது சுற்றில் அக்கா தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். அடுத்த நாள் பயந்துகொண்டே வால்ட்ஸ் பாட்டைப் போட்டு, மெதுவாக வலது பக்கம் ஒரு திருப்பம், நாலு அடி நேராக, இடது பக்கம் ஒரு திருப்பம் என்று நடத்திப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கூட வந்தார். மூணாவது திருப்பத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தாலும் உட்காரவில்லை. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இதேதானுங்க, இதேதான்" என்றார். என்ன இதேதான் என்று எனக்குப் புரியவில்லை. "சல்ஸா பைக்குங்க மிஸ். இது பஸ்ஸு. எனக்கு பஸ்ஸுதானுங்க பழகோணும்."

காக்கிச் சட்டை

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் கந்தசாமி அண்ணன் ஏற்காடு-சேலம் பஸ் டிரைவர். இருபத்தேழு வருஷமாக அதே மலை, அதே இருபது வளைவு, ஏறுவதும் இறங்குவதும். ஊரையே ஏற்றி இறக்கியிருக்கிறார், பெண்டாட்டியை மட்டும் முடியவில்லை. மூணரை மணி டிரிப்பில் மேலே வந்தால் அஞ்சு மணிக்குத்தான் அடுத்த டிரிப். மாவு ஊறுகிற அதே நேரம். அக்கா கூப்பிட்டாராம், "சின்னப் பசங்களாட்டம் அங்க வந்து கையக் கோத்துக்கிட்டு ஆடுறதா?" என்று முறுக்கிக்கொண்டாராம். மகள் பேரைச் சொன்னதும் மறுநாளே காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

வால்ட்ஸில் எல்லா ஜோடியும் ஹாலைச் சுற்றி வர வேண்டும், புதுசு என்பதால் பாதிப் பேர் எதிர்த்திசையில் வருவார்கள். அண்ணன் அழகாகத்தான் ஆரம்பித்தார். எதிரே ஒரு ஜோடி வந்ததும் சட்டென்று சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். அவர்கள் போன பிறகு நகர்ந்தார். அடுத்த ஜோடி வந்தது, திரும்பவும் ஓரம். ஒரு பாட்டு முடிவதற்குள் ஆறு தடவை நின்றார். பின்னால் வந்த புதுமணத் தம்பதி ரெண்டு தடவை அவர் முதுகில் முட்டிக்கொண்டது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, எதுக்கு இப்படி நின்னு நின்னு போறீங்க?" என்று கத்தியேவிட்டேன். அண்ணனுக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. எனக்குச் சாலை விதி தெரியாது போலிருக்கிறது என்று பாவப்பட்டு, பொறுமையாக விளக்கினார்: "நாம எறங்குறோமுங்க மிஸ், அவங்க ஏறி வர்றாங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தானுங்க வழி உடோணும்."

முதுகுக்குப் பின்னால்

ஒரு வாரம் போனது. அக்கா மூணில் இருந்து அஞ்சுக்கு வந்தார், அதற்கு மேல் நகரவில்லை. அஞ்சாவது திருப்பம் முடிந்தால் தூண்தான். எனக்கு ராத்திரியெல்லாம் யோசனை. அப்போது ஈரோட்டுப் பெண் ஞாபகம் வந்தாள். அவள் வண்டி ஓட்டினாள், ஜம்மென்று இருந்தாள். காரை ஓட்டி வருகிறவருக்குச் சல்ஸா தாங்கும் என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு வளைவு முன்கூட்டியே தெரியும், அதனால் வாந்தி வராது. எனக்கு மண்டையில் மசாலா இருந்திருந்தால் இதை முதல் நாளே செய்திருக்க மாட்டேனா? மறுநாள், "அக்கா, இனிமே நீங்க நடத்துங்க. அண்ணன் கூட வரட்டும். எங்க திரும்பணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார். அப்புறம் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பிடித்து, "வலதுங்க" என்று திருப்பினார். "இடதுங்க." ஒன்பது திருப்பம். தூண் பக்கமே போகவில்லை.

தூணைப் பிடித்தது அண்ணன். ஒன்பதாவது திருப்பத்தில் கால் பின்னிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். செல்வராஜ் அண்ணன் சோடா கொண்டுவர ஓடினார். அக்கா தன் தலைப்பால் விசிறினார். சோடாவைக் குடித்து முடித்த அண்ணன், தலையைத் தூக்கி என்னைக் கேட்டார். கேள்வி எனக்கில்லை என்று எனக்குத் தெரியும். "ஏனுங்க மிஸ், இருபத்தேழு வருசமா என் முதுகுக்குப் பின்னால இப்பிடியா இருந்துச்சு?"

இருபதில் இருந்து

அதற்குப் பிறகு அண்ணன் வேறு ஆள். முறை மாற்றி முறை மாற்றி ஆடினார்கள். அவர் நடத்தும்போது, திரும்புவதற்கு முன்னால் அக்காவின் கையில் விரலால் ஒரு தட்டு தட்டினால் வலது, ரெண்டு தட்டினால் இடது. பஸ்ஸில் கை எட்டாதே என்று நான் கேட்டதற்கு, அங்கே ஒரு ஹாரன், ரெண்டு ஹாரன் என்றார். ஒண்ணு-ரெண்டு-மூணு என்று வால்ட்ஸுக்கு எண்ணுகிற பழக்கமும் போய்விட்டது. இறங்கும்போது முதலில் வருவது இருபதாம் நம்பர் வளைவுதானே? அதனால் "இருபது, பத்தொம்பது, பதினெட்டு" என்றுதான் ரெண்டு பேரும் எண்ணுவார்கள். கூட ஆடுகிற விருந்தாளிகளுக்கும் இது தொற்றிக்கொண்டது. வகுப்பைப் பார்வையிட வந்த மேனேஜர் கதவோரம் நின்று, நாலு ஜோடியும் கோரஸாகத் தலைகீழாக எண்ணுவதைக் கேட்டுக் குழம்பிப்போனார்: "ஏம்மா, இவங்கல்லாம் எதுக்கு ராக்கெட் விடுறாங்க?"

பதினாலு

அக்கா பதினாலு திருப்பம் வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் ஆறுதான். பிரசவத்துக்கு நாள் மூணு வாரம் இருக்கிறது, போதும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நாலரை மணிக்கு, பாட்டுக்கு நடுவில் அண்ணனின் போன் அடித்தது. மருமகன். மகளுக்கு வலி எடுத்து சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. அக்கா அப்படியே நின்றார். "மாத்திரை போட்டுக்கறியா?" என்று அண்ணன் கேட்டார். "வேண்டாமுங்க. முழிச்சுக்கிட்டே போறனுங்க" என்றார் அக்கா. "மீதி ஆறுக்கு?" என்று நான் கேட்டேன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு அண்ணன் முன்னால் ஓடினார். அக்காவைத் தனியாக அனுப்ப மனசு கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன்.

அக்கா முன் சீட்டில், ரோடு தெரிகிற மாதிரி. நேர் பின்னால் நான். இருபதாம் வளைவு வந்தது. ஒரு ஹாரன். அக்கா வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தார். ரெண்டு ஹாரன், இடது. பத்தொம்பது போனது, பதினெட்டு போனது. நான் அக்காவின் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு, சேர்வராயன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்து. ஒன்பது. எட்டாவது வளைவில் கழுத்தில் வேர்வை ஓட ஆரம்பித்தது. ஏழு முடிந்ததும் அக்காவின் தலை கம்பியில் சாய்ந்துவிட்டது. பதினாலு. அவ்வளவுதான் எங்கள் பாடம். அதற்கு மேல் நான் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பஸ் ஓரம் கட்டி நின்றது.

கொஞ்சம் அகலமான இடம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம் போனது, ஒரு நிமிஷம் போனது. கண்டக்டர், "எதுக்குண்ணே நிக்குது?" என்றார். "ஏறி வருது" என்றார் அண்ணன். ஜன்னல் ஓரத்துப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணையும் காணமுங்களே" என்றார். "வருமுங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணுமுங்க." கீழே வளைவு வரைக்கும் ரோடு காலியாகக் கிடந்தது. அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கினார். நாலு தடவை நன்றாக மூச்சு விட்டார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, முன்னால் இருந்த கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போலாமுங்க" என்றார். வண்டி நகர்ந்தது. இந்தத் தடவை ஹாரன் முதலில் வரவில்லை, அக்கா குரல்தான் முதலில் வந்தது. "வலதுங்க." அப்புறம்தான் ஹாரன். "இடதுங்க." ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அடிவாரத்தில் பஸ் நின்றதும் நான் ஓடிப்போய் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் கொட்டினேன். முதுகை யாரோ தடவிக் கொடுத்தார்கள். திரும்பினால் ஈஸ்வரி அக்கா, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு, நேராக நிற்கிறார். "இந்தாங்க மிஸ், எனக்குன்னு எடுத்தாந்ததுங்க. நீங்க ரோட்டப் பாக்காம என்னையவே பாத்துக்கிட்டு வந்தீங்க, அதானுங்க."

காலையில் வந்த போன்

ராத்திரி கடைசி பஸ்ஸில் நான் மேலே திரும்பிவிட்டேன். மறுநாள் காலை ரிசப்ஷனுக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். செல்வராஜ் அண்ணன் மாவு படிந்த கையோடு வந்து ரிசீவரில் காதை வைத்துக்கொண்டார். மேனேஜர்கூடப் பக்கத்தில் வந்து நின்றார். நான் என்னென்னவோ கேட்டேன், அக்கா அழுதுகொண்டே இருந்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "நர்ஸம்மா கொழந்தைய மொதல்ல என் கையிலதானுங்க குடுத்தாங்க. நின்னுக்கிட்டே வாங்கினனுங்க மிஸ்."

ஆகவே, புதுசாகக் கற்றுக்கொள்ள எந்த ஆட்டம் நல்லது என்று யார் வந்து கேட்டாலும், நீங்கள் யாரோடு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், ஆட்டத்தை நான் பார்த்துச் சொல்கிறேன், வழித்துணைக்கு என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சேர்த்து எடுத்து வந்துவிடுங்கள் என்கிறேன்.